கடிகாரத்துக்கு முந்தைய பாடம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகிறது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடிகளில் அதைப் பாடி முடிக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. நாட்டுப்பண்ணுக்கு உரிய நேரம் 52 விநாடி. ஆக, நாமக்கல் மாவட்டத்தில் ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள், ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது எவ்வளவு என்பதைச் சுமார் ஆயிரம் தடவை நின்று, பாடி, உடம்பாலேயே உணர்ந்துவிடுகிறது. ஆனால் அதே குழந்தையிடம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுப் பார்த்தால், உதட்டைப் பிதுக்கும். அல்லது வீட்டில் காதில் விழுந்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற அந்த ஒரு நிமிடத்தை எடுத்து இன்னொரு வேலையோடு பொருத்திப் பார்க்கலாம் என்பதை அதற்கு யாரும் காட்டவில்லை. மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே காட்டியிருக்க வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்வது, செய்து பார்ப்பது, அளப்பது, முதலில் சொன்னதோடு ஒப்பிடுவது ஆகிய நான்கையும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழக்க முடியும். அதற்கான அளவுகோல்கள் குழந்தையின் ஊரிலேயே கிடக்கின்றன என்பதே நான் இங்கே நிறுவ முனைவது.

தொடக்க வகுப்புக் கணிதத்தில் நேரம் என்ற பாடம் இல்லாமல் இல்லை. சின்ன முள், பெரிய முள், அரை மணி, கால் மணி, ஒரு மணிக்கு அறுபது நிமிடம், வாரத்துக்கு ஏழு நாள் என்று அது ஒழுங்காகவே நடத்தப்படுகிறது. ஆனால் இவை அனைத்தும் ஒரு கணத்துக்குப் பெயர் வைக்கும் திறனையும், ஓர் அலகை இன்னொன்றாக மாற்றும் திறனையும் மட்டுமே தருகின்றன. முள் எட்டரையில் நிற்கிறது என்று சரியாகச் சொல்லும் குழந்தைக்கு, எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எவ்வளவு வேலை கொள்ளும் என்பது தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. தேசிய கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகம், நிமிடங்களில் முடிபவை எவை, மணிக்கணக்கில் நீள்பவை எவை, நாள்கணக்கில் ஆகுபவை எவை என்று குழந்தைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. நல்ல தொடக்கம்தான். என்றாலும் ஒரு பாடத்தோடு நின்றுவிட்டால், அதுவும் படித்து முடிக்கும் இன்னொரு பாடமாகிவிடும்.

சொல் தெரிவதால் அளவு தெரிந்துவிடாது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் கேத்தரின் டில்மனும் டேவிட் பார்னரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, நான்கைந்து வயதுக் குழந்தைகள் விநாடி, நிமிடம், மணி, நாள் ஆகிய சொற்களைச் சிறிதிலிருந்து பெரிதாக ஓரளவு வரிசைப்படுத்திவிடுகிறார்கள் என்று காட்டியது. மணி நிமிடத்தைவிடப் பெரிது என்பது அவர்களுக்குத் தெரியும். எத்தனை மடங்கு பெரிது என்பது மட்டும், பள்ளியில் அந்த அலகுகளின் விளக்கத்தைக் கற்ற பிறகுதான் பிடிபடத் தொடங்குகிறது. இதில் நம் வீடுகளின் பங்கும் உண்டு. ‘அஞ்சு நிமிசம் இரு கண்ணு, வந்தர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போகும் பெரியவர் இரண்டு நிமிடத்திலும் வரலாம், முக்கால் மணி கழித்தும் வரலாம். குழந்தை சொல்லைக் கற்பது இந்தப் புழக்கத்திலிருந்துதான். ஐந்து நிமிடம் என்றால் ‘இப்போது இல்லை’ என்று அது புரிந்துகொண்டால், அதன் அனுபவத்தில் அந்தப் பொருள் சரியே. வெறும் விளக்கத்தால் இதைத் திருத்த முடியாது. அந்தச் சொல் ஒரே அளவான நேரத்தோடு திரும்பத் திரும்ப இணைந்து வந்தால்தான் திருந்தும்.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ழான் பியாஜேயின் பெயரில் வரும். 1928இல் தாவோஸ் நகரில் நடந்த கூட்டத்தில் ஐன்ஸ்டைன் எழுப்பிய கேள்விகளால் தூண்டப்பட்டதாகப் பியாஜே தாமே குறிப்பிடும் ஆராய்ச்சி, 1946இல் நூலாக வந்தது. ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் நிற்கும் இரண்டு பொம்மைகளில் ஒன்று வேகமாக ஓடி அதிகத் தூரம் போய் நின்றால், சிறு குழந்தைகள் அதுதான் அதிக நேரம் ஓடியது என்கிறார்கள். காலமும் தூரமும் வேகமும் அவர்கள் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஏழெட்டு வயதுக்கு மேல்தான் பிரிகின்றன. அப்படியானால் ஆறு வயதுக் குழந்தையிடம் கால அளவைக் கேட்பதே வீண் அல்லவா? அவர் கண்ட குழப்பம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குழப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், பாடத்தை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து சேலமும் கொல்லிமலைச் செம்மேடும் ஏறக்குறைய ஒரே தூரம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சேலத்துக்கு நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். மலைக்கோ காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியாக வேண்டும். பேருந்து இரண்டு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்கு மலையேறிய குழந்தைகள் வகுப்பில் இருப்பார்கள், சேலத்துக்கு உறவினர் வீட்டுக்குப் போனவர்களும் இருப்பார்கள். ‘தூரம் ஒண்ணுதான், ஏன் இதுக்கு இவ்வளவு நேரம்?’ என்ற ஒரு கேள்வி போதும், பியாஜே கண்ட முடிச்சை வகுப்பின் நடுவில் வைத்துவிடலாம். வயது வந்து அது தானாக அவிழக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதோடு, பியாஜேக்குப் பின் வந்த ஆய்வுகள் அடித்தளம் இன்னும் கீழே இருப்பதைக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதக் கைக்குழந்தைகள்கூட, ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு நீளும்போது இரண்டு கால அளவுகளை வேறுபடுத்தி உணர்கின்றன என்று கிரிஸ்டி வான்மார்லேயும் கேரன் வின்னும் 2006இல் காட்டினார்கள். பிரான்சில் சில்வி துருவா-வோலே மூன்று, ஐந்து, எட்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனைகளில், மூன்று வயதுக்காரர்களும் குறுகிய கால அளவையும் நீண்ட கால அளவையும் பிரித்தார்கள். வயது ஏற ஏற அந்தப் பிரிப்பு கூர்மையானது. எனவே காலத்தை உணரும் புலன் குழந்தைக்கு உண்டு. அந்த உணர்வைச் சொல்லோடும் எண்ணோடும் கட்டிவைக்கும் வேலைதான் பாக்கி, அது தானாக நடப்பதில்லை. பெரியவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். 1979இல் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும், மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தைத் தொடர்ந்து குறைத்தே கணிக்கிறார்கள் என்று எழுதினார்கள். 1994இல் கனடாவில் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோதும் அவர்கள் சொன்ன சராசரி 49 நாளைத் தாண்டவில்லை. பல்கலைக்கழகம் வரை படித்தும், மணி பார்க்கத் தெரிந்தும், நாட்காட்டியைக் கையில் வைத்திருந்தும் இந்த நிலை.

பெரியவர்களுக்கே வராத ஒன்றைக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று இதையே ஒரு மறுப்பாகத் திருப்பலாம். ஆனால் தவறு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். அங்கேதான் வழி திறக்கிறது. மைக்கேல் ராயும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் வேறொருவரும் சேர்ந்து 2005இல் முன்வைத்த விளக்கம், நாம் வருங்காலத்தைத் தவறாகக் கணிப்பது கடந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைத் தவறாக நினைவில் வைத்திருப்பதால்தான் என்கிறது. ராயும் கிறிஸ்டன்ஃபெல்டும் பின்னர், சென்ற தடவை உண்மையில் ஆன நேரத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த கணிப்பு சீர்படுகிறது என்றும் காட்டினார்கள். ஜஸ்டின் க்ரூகரும் மாட் எவன்ஸும் 2004இல் கண்டது இன்னொன்று. ஒரு வேலையை அதன் உட்பகுதிகளாகப் பிரித்துச் சொல்லவைத்த பிறகு நேரம் கேட்டால், கணிப்பு உண்மைக்கு நெருங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியவை தெளிவாகின்றன: ஆன நேரத்தை எழுதி வைக்க வேண்டும், வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் அறிவுரையால் வருபவை அல்ல, பழக்கத்தால் வருபவை. பழக்கம் என்றால் ஆறு வயதில் தொடங்குவதில் குற்றம் என்ன இருக்கிறது?

வகுப்பில் இது எப்படி நடக்கும்? ஒன்றாம் வகுப்பில் எண்ணே வேண்டாம். இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் தொடங்கட்டும். ஒருத்தி பையிலிருந்து புத்தகங்களை எடுத்து அடுக்க, ஒருவன் சட்டைப் பித்தானை எல்லாம் கழற்றித் திரும்பப் போடட்டும். யார் முதலில் முடிப்பார் என்று மற்றவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் அலகு வரும், அது தமிழ்த்தாய் வாழ்த்து. கைகழுவ அரை வாழ்த்து ஆகுமா, ஒரு வாழ்த்தா? கரும்பலகையில் ஒரு பக்கம் ஊகம், மறு பக்கம் ஆனது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் இப்போது தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள்; உப்புமாவோ பொங்கலோ ஒரு தட்டைச் சாப்பிட்டு முடிக்க எத்தனை வாழ்த்து என்பது நாள்தோறும் சோதிக்கக் கிடைக்கும் கேள்வி. முதல் வாரத்தில் பெரும்பாலான குழந்தைகள் சாப்பிடும் நேரத்தை மட்டும் நினைப்பார்கள். வரிசையில் நிற்பதையும் தட்டு கழுவப் போவதையும் விட்டுவிடுவார்கள். அப்போது ஆசிரியர் திருத்த வேண்டாம். ‘சாப்புடறதுன்னா என்னென்ன செய்யறோம்?’ என்று கேட்டுக் குழந்தைகள் சொல்லச் சொல்ல எழுதினால் போதும். தட்டு எடுப்பது, வரிசை, வாங்குவது, உட்காருவது, சூடு ஆற ஊதுவது, சாப்பிடுவது, மிச்சத்தைக் கொட்டுவது, கழுவுவது. க்ரூகரும் எவன்ஸும் கண்டது இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்குப் போகலாம். அங்கே நாமக்கல் குழந்தைக்கு முட்டையைவிட நல்ல பாடப் பொருள் இல்லை. சத்துணவுக்குப் பள்ளி நாள்தோறும் முட்டை அவிகிறது. தண்ணீர் கொதி வந்த பின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விட்டால் மஞ்சள் கரு கெட்டிப்படும், பாதியிலேயே எடுத்தால் நடுவில் இளகியிருக்கும். நேரத்தின் விளைவை உடைத்துக் கண்ணால் பார்க்க முடிகிற வேலைகள் அதிகமில்லை, இது அவற்றுள் ஒன்று. கருவுற்ற முட்டை அடைக்குப் போனால் குஞ்சு வெளிவர 21 நாள். நிமிடத்தின் அளவும் நாளின் அளவும் ஒரே பொருளில் சேர்ந்து வருவதால், எந்த வேலைக்கு எந்த அலகு பொருந்தும் என்ற கேள்வியை அங்கே இயல்பாகக் கேட்கலாம். இந்த வகுப்பிலிருந்து ஊகத்தை ஒற்றை எண்ணாகக் கேட்காமல், சீக்கிரம் முடிந்தால் எவ்வளவு, இழுத்தால் எவ்வளவு என்று இரண்டாகக் கேட்பதும் நல்லது. கனடா மாணவர்கள் ‘இழுத்தால்’ என்ற எண்ணையும் குறைத்தே சொன்னார்கள் என்பதை மறக்கக் கூடாது. சென்ற வாரக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லும் குழந்தையின் எண்ணுக்கும், மனத்திலிருந்து சொல்லும் குழந்தையின் எண்ணுக்கும் வேறுபாடு அங்கேதான் தெரியும்.

செயலைக் கொண்டு நேரத்தை அளக்கச் சொல்வது புதிய போதனை முறைபோலத் தோன்றினாலும் நமக்கு அது மிகப் பழையது. தொல்காப்பியம் எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையைக் கண்ணிமைப்பதைக் கொண்டும் கைநொடிப்பதைக் கொண்டும் வரையறுத்தது. நாளை அறுபதாகப் பகுத்த நாழிகை, இன்றைய கணக்கில் 24 நிமிடம்; அடியில் துளையிட்ட வட்டில் நீரில் மிதந்து நிரம்பி அமிழும் நேரத்தால் அது அளக்கப்பட்டது. சிறு துளையிட்ட ஒரு கிண்ணத்தையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டு அதை எந்தப் பள்ளியிலும் செய்து காட்டலாம். மடகாஸ்கரில் சோறு வேகும் நேரம் என்பது சுமார் அரை மணியையும், வெட்டுக்கிளி வறுபடும் நேரம் என்பது கணப்பொழுதையும் குறித்ததாக வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை சொல்கிறது. வெற்றிலை போடும் நேரம் என்று நம்மவர் சொல்வதும் இந்த வகைதான். மனித குலம் நெடுங்காலம் நடந்து வந்த பாதையில் குழந்தையையும் நடத்தி நிமிடத்துக்குக் கொண்டுவருவது, நேரடியாக முள்ளின் முன் நிறுத்துவதைவிட இலகுவானது என்றே நினைக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு, அதை வகுப்பறை பயன்படுத்துவதே இல்லை. நாமக்கல்லின் பிழைப்பே குத்துமதிப்பால் ஓடுகிறது. கேரளத்துக்கு முட்டை ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரம் சொல்ல மாட்டார். பாரம், கணவாய், சோதனைச் சாவடி, வழியில் சாப்பாடு எல்லாவற்றையும் பிரித்துக் கூட்டித்தான் சொல்வார். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் மண்ணையும் பாறையையும் கேட்டுவிட்டுத்தான் துளை போட ஆகும் நேரத்தைச் சொல்வார். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் களத்தில் காயப்போட்டதை எப்போது அள்ளுவது என்பதை வெயிலைப் பார்த்துக் கணிப்பவர்கள் இராசிபுரம் பக்கம் எத்தனையோ பேர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவருக்கு ஒரு பீஸ் எப்போது இறங்கும் என்பது நன்றாகத் தெரியும். இவர்களுடைய பிள்ளைகள்தான் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ‘இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எப்படிங்கப்பா சொல்றீங்க?’ என்று ஒரு பிள்ளையை வீட்டில் கேட்டுவரச் சொன்னால், அனுபவமுள்ள ஒரு கணிப்பாளரின் முறை வகுப்புக்கு வந்து சேரும். தந்தையின் தொழிலறிவுக்குப் பள்ளியில் ஓர் இடம் கிடைப்பதும் சின்ன விஷயமில்லை.

ஏற்கெனவே நேரத்தால் நெருக்கப்படும் குழந்தைகளை இன்னும் நெருக்கலாமா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். குறிப்பாக இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குக் கனம் உண்டு. பிளஸ் டூ தேர்வில் மாநில இடங்களை அள்ளிய விடுதிப் பள்ளிகளால் பெயர் பெற்ற ஊர் இது. 2017இல் அரசு அந்த இடங்களை அறிவிப்பதையே நிறுத்தியது. விடியும் முன் எழுப்பி, படிப்பு, குளியல், சாப்பாடு எல்லாவற்றையும் மணியடித்து நடத்தும் முறையின் நிழல் தொடக்கப் பள்ளி வரை விழுந்திருக்கிறது. தாம்சனின் கட்டுரை சொல்லும் வரலாறும் எச்சரிக்கையானது. வேலையின் போக்கில் நேரத்தைக் கண்டவர்களை ஆலை மணியும் அபராதமும் கொண்டுதான் கடிகாரத்துக்குப் பழக்கினார்கள். ஆனால் மணியடிப்பதும் மதிப்பிடுவதும் எதிரெதிர்த் திசைகள். மணி அடிக்கும் இடத்தில் மாணவர் எதையும் கணிக்கத் தேவையில்லை; அவருக்காக வேறொருவர் கணித்து முடித்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அப்படி வாழ்ந்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் இளைஞர் முதன்முறையாகத் தம் நேரத்தைத் தாமே பகுக்க வேண்டிவரும்போது தடுமாறுவதில் வியப்பில்லை. இந்தப் பக்கக் கணக்கை முடிக்க எனக்கு இருபது நிமிடம் வேண்டும் என்று குறிப்பேட்டைக் காட்டிச் சொல்லத் தெரிந்த எட்டு வயதுக் குழந்தை, பத்து நிமிடத்தில் முடி என்று சொல்லும் பெரியவரிடம் சான்றோடு பேசுகிறது. இந்தப் பாடம் குழந்தையை விரைவுபடுத்துவதற்கு அல்ல என்பதை ஆசிரியர்கள் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாக முடித்ததற்குக் கைதட்டுகிற நாளிலேயே அது வேறு பாடமாகிவிடும்.

ஆசிரியரின் சுமை பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் செயல்வழியாகவே எண்ணறிவைக் கற்பிக்கிறது. நாளுக்கு ஓர் ஊகமும் ஓர் அளவும் அதற்குள் அடங்கும். புதிய கருவி வேண்டாம், சுவர்க்கடிகாரம் ஒன்று போதும்.

மதிப்பெண்தான் உண்மையான ஆபத்து. ஊகம் சரியாக வந்தால் மதிப்பெண் என்று வைத்துவிட்டால், பிள்ளைகள் ஊகத்தைத் திருத்த மாட்டார்கள், வேலையைத் திருத்துவார்கள். ஐந்து வாழ்த்து ஆகும் என்று சொன்ன குழந்தை நான்கிலேயே சாப்பிட்டு முடித்தும் கடைசிக் கவளத்தை வாயில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் குறிப்பேட்டில் சரி, தவறு என்ற குறிகளே இருக்கக் கூடாது. ஆசிரியர் பார்க்க வேண்டியது ஒன்றுதான். ஒரே வேலைக்கு ஜூனில் சொன்ன ஊகத்துக்கும் ஆன நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது எவ்வளவு? பெரும்பாலான வேலைகளில் அது குறைந்திருக்கும். குறையாமலே நிற்பவை பிறர் கையில் இருக்கும் வேலைகளாக இருக்கும்: குழாயில் தண்ணீர் வரக் காத்திருப்பது, சிற்றுந்துக்கு நிற்பது, தறியிலிருந்து அம்மா வீடு திரும்புவது. அவற்றைப் பிழையாகக் கருதாமல் குறிப்பேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, ஆன நேரத்தை மட்டும் எழுதிவரச் சொல்லலாம். ஒரு மாதம் எழுதிய பின் அந்தப் பக்கத்தைப் பெற்றோர் கூட்டத்தில் திறந்து வைத்தால், பேச வேண்டிய பெரியவர்கள் அங்கே இருப்பார்கள்.